பேனரில் யார் பெயர்?

பித்தாங்கா மேட்டில் டோர்வலீனாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் ஒரே ஒருவன்தான். அது அவள் புருஷன் ஒஸ்மார். எழுந்து ஓட முடியாதவன் என்பதால்தான் அவனும் பயப்படவில்லை என்று மேட்டில் கேலி பேசுவார்கள். பேசியது யார் என்று தெரிந்துவிட்டால் போச்சு. டோர்வலீனா அவன் வாசலுக்கே போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவாள். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி; எல்லோருக்கும் அவள் ‘டோனா’, அதாவது அம்மணி. தினமும் முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சோறும் பீன்ஸும் போடுகிறவளுக்குத் தொண்டை இல்லாமல் இருக்குமா?

ஒஸ்மார் பேனர் எழுதுகிறவன். போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் அந்தக் காலத்தில் அவனுக்கு வேலை இல்லாத வாரமே கிடையாது. எந்தப் பேட்டையிலாவது ஒரு தெருவிளக்கு வந்தால், ஒரு லாரி ஜல்லி கொட்டினால், மறுநாள் காலையில் தெருவுக்குக் குறுக்கே துணி தொங்கும். ‘நன்றி, கவுன்சிலர் அவர்களே! இப்படிக்கு, பேட்டை மக்கள்.’ துணி கவுன்சிலர் வீட்டிலிருந்து வரும். பெயிண்டும் அங்கிருந்துதான். தாங்கள் நன்றி சொல்லிவிட்டோம் என்பது பேட்டை மக்களுக்கு அதைப் படித்த பிறகுதான் தெரியும். இருபது வருஷம் ஒஸ்மார் அந்த நன்றிகளை எழுதினான். கடைசியாக எழுதியது எரியாத ஒரு விளக்குக்கு. அந்தத் துணியைக் கட்ட ஏணியில் ஏறியவன் ஏணியோடு விழுந்தான். இடுப்புக்குக் கீழே உயிர் போய்விட்டது. விளக்கு அதற்குப் பிறகும் எரியவில்லை.

டாக்டர் வாரம் இரண்டு தடவை வரச் சொன்னார். கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும், படுக்கைப் புண்ணைப் பார்க்கவேண்டும், விட்டால் அது எலும்பைத் தொட்டுவிடும் என்றார். ஆனால் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு இறங்குவது என்ன சாமானியமா? செங்குத்தாக முந்நூறு மீட்டர் செம்மண். வெயிலில் புழுதி, மழையில் வழுக்கு. நாலு ஆண்கள் நாற்காலியோடு அவனைத் தூக்கி இறக்குவார்கள், மாலையில் தூக்கி ஏற்றுவார்கள். ஒரு ஜூலை மாத மழையில் முன்னால் பிடித்திருந்த கடைக்கார நெஸ்டோருக்குக் கால் வழுக்கியது. ஐந்து பேரும் நாற்காலியும் ஒன்றாக உருண்டார்கள். ஒஸ்மாருக்குச் சிராய்ப்புதான். நெஸ்டோருக்கு முன்பல் இரண்டு போயிற்று.

அன்றோடு ஒஸ்மார் இறங்குவதை நிறுத்திவிட்டான்.

“எனக்கு இடுப்பு போச்சு, சரி. என்னால இன்னொருத்தனுக்குப் பல்லு போறதெல்லாம் வேண்டாம்” என்றான்.

“அவனே ஒண்ணும் சொல்லல. உனக்கென்னய்யா வந்துச்சு?” என்று டோர்வலீனா கத்தினாள்.

“நான் வரலடி, விடு.”

அதற்குமேல் அவனை அசைக்க முடியவில்லை. மாதங்கள் போயின. புண்ணை அவளே கழுவினாள், அவளே கட்டினாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் கால்பந்து நடக்கும்போது அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் பிடித்தது. சிவப்புச் சட்டைக்காரர்கள் தோற்றால் சாப்பிடாமல் கிடக்கிற மனிதன் அவன். இந்த மனிதனை எப்படியாவது கீழே இறக்கவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கட்டிலிலேயே இவனைப் பறிகொடுத்துவிடுவேன் என்று அவள் அன்றைக்குத் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் நெஸ்டோர் அந்தச் செய்தியோடு வந்தான். பல் போன வாயால் அவன் சொன்னது பாதி காற்றாகவே வந்தது.

“மாநகராட்சில புதுசா ஒரு கூட்டம் போடுறாங்க. பட்ஜெட் கூட்டம். எதுக்குச் செலவு பண்றதுன்னு நம்மளையே சொல்லச் சொல்றாங்களாம்.”

“ஆமா, உன்னைத்தான் தேடிட்டு இருக்காங்க. உனக்குப் பல்லு கட்டித் தரவும் பட்ஜெட் போடுவாங்க, போ” என்றாள் டோர்வலீனா.

“சிரிக்காத டோனா. வாசல்ல கையெழுத்துப் போட்டா ஒரு அட்டை தர்றாங்க. உள்ள போய் அட்டையைத் தூக்கினா ஓட்டு. யாருக்கு ஆள் அதிகமோ அவங்க வேலைதான் முதல்ல.”

டோர்வலீனா கரண்டியைக் கீழே வைத்தாள். ஆள் சேர்ப்பதா? அது அவளுக்குத் தெரியாத வேலையா என்ன!

அந்த மார்ச் மாதம் அவள் மேட்டில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். வரமாட்டேன் என்றவர்களிடம், “வராதே. நாளைக்கு உனக்கு நெஞ்சு வலிச்சா ஆம்புலன்ஸ் டிரைவருக்கு றெக்கை முளைச்சுப் பறந்து வருவான்” என்றாள். எண்பத்து நாலு பேரை இறக்கிவிட்டாள். பத்துப் பேருக்கு ஒரு பிரதிநிதி என்று கணக்கு. மேட்டுக்கு எட்டு. முதல் பெயர் அவளுடையது. என்ன வேண்டும் என்று கேட்டபோது எண்பத்து நாலு பேரும் ஒரே குரலில் “தார் ரோடு” என்றார்கள்.

அங்கேதான் பிசகினார்கள். ஏப்ரலில் மாநகராட்சி இன்ஜினியர் ராமிரோ மேடேறி வந்தான். இளைஞன், கண்ணாடி போட்டவன், பாதி வழியிலேயே மூச்சு வாங்கிவிட்டது. பாதையைக் குனிந்து பார்த்தான், ஓரமாக ஓடுகிற சாக்கடையைப் பார்த்தான், தலையை ஆட்டினான்.

“டோனா டோர்வலீனா, இங்க கழிவுநீர்க் குழாயே இல்லையே. குழாய் போடாம தார் போட முடியாதுங்க. போட்டா முதல் மழையில அடிச்சுக்கிட்டுப் போயிடும்.”

“தம்பி, நாங்க கேட்டது ரோடு.”

“கீழ அடிவாரத்தைத் தவிர எல்லாப் பேட்டையிலயும் இதையேதாங்க கேட்டிருக்காங்க. வேற ஒருத்தர்கூட குழாய் கேட்கல.”

எப்படிக் கேட்பார்கள்? இத்தனை வருஷம் கவுன்சிலர்கள் கொடுத்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாமான். மண்ணுக்கடியில் புதைக்கிற குழாய்க்கு மேலே எவன் பேனர் கட்டுவான்? வாங்கி வாங்கிப் பழகிய ஜனம், கேட்கச் சொன்னபோதும் அதையே கேட்டது.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருந்தது. மேட்டிலிருந்து இறங்கும் குழாய், அடிவாரத்தில் இருக்கும் சாங்கா பேட்டை வழியாகத்தான் போயாகவேண்டும். சாங்காக்காரர்கள் ஏற்கெனவே குழாய்க்கு மனுக் கொடுத்திருந்தார்கள். அது முதலில் நிறைவேறினால்தான் மேட்டு ரோட்டைப் பற்றிப் பேசவே முடியும். அதாவது, மேட்டுக்காரர்கள் இந்த வருஷம் தங்கள் அட்டைகளைச் சாங்காவுக்காகத் தூக்கவேண்டும்!

சாங்காவுக்கா? அங்கே தலைவி மாதிரி இருந்த நெல்சிக்கும் டோர்வலீனாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் மேட்டுச் சாக்கடை மொத்தமும் சாங்காவில்தான் இறங்கும். ஒரு தடவை நெல்சி பஸ்ஸில் எல்லோர் முன்னாலும், “மேட்டு மகாராணி வர்றாங்க, வழி விடுங்க. காலைல என் வாசலுக்கு வந்தது இவங்க வீட்டுதுதான்” என்றிருந்தாள். டோர்வலீனா பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. பஸ் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார் என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

மே மாதம் பிரதிநிதிகளை எல்லாம் ஒரு பஸ்ஸில் ஏற்றிப் பேட்டை பேட்டையாகச் சுற்றிக்காட்டினார்கள். அட்டை தூக்குவதற்கு முன்னால் அடுத்தவன் குறையையும் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது விதி. சாங்காவில் டோர்வலீனா இறங்க மனமில்லாமல் இறங்கினாள். நெல்சியின் வீட்டில் கட்டில்கள் செங்கல் அடுக்கின்மேல் நின்றன. சுவரில் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை. மூலையில் நெல்சியின் மருமகள் ஒரு கைக்குழந்தையின் கால் சொறிக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். நெல்சி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் நாலு திட்டு திட்டியிருந்தால் டோர்வலீனாவுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஜூலைக் கூட்டத்தில் மேட்டுக்காரர்கள் எண்பத்து நாலு அட்டையையும் சாங்கா குழாய்க்குத் தூக்கினார்கள். குழாய் முதலிடத்துக்கு வந்தது. சாங்காக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். டோர்வலீனா பல்லைக் கடித்துக்கொண்டுதான் அட்டையைத் தூக்கினாள். குழந்தையின் கால் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்காகத் தூக்கினாள் என்று சொன்னால் பொய். குழாய் இல்லாமல் ரோடு இல்லை, ரோடு இல்லாமல் ஒஸ்மார் இல்லை. அவ்வளவுதான் அவள் கணக்கு. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது நெல்சி கிட்டே வந்தாள்.

“நல்லா இருப்ப” என்றாள்.

“வேற வழி இல்லாம தூக்கினேன். ரொம்பக் குளிர்ந்து போயிடாத” என்று சொல்லிவிட்டு டோர்வலீனா நடையைக் கட்டினாள்.

வீட்டில் ஒஸ்மாரிடம் சொன்னபோது அவன் கூரையைப் பார்த்தபடியே கேட்டான்.

“அப்ப இன்னும் ஒரு வருஷமா?”

“ஒரே ஒரு வருஷம்தான்யா.”

“ம். நான் எங்க போகப்போறேன்” என்றான் அவன். அவள் அடுப்படிக்குப் போய், வெங்காயம் நறுக்கும் சாக்கில் அழுதுவிட்டு வந்தாள்.

குழாய் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, சொன்ன தேதிக்கு ஒரு மாதம்தான் தாமதம். மேட்டின் உச்சியிலிருந்து சாங்கா வரை பள்ளம் தோண்டி, பதித்து, மூடினார்கள். அடுத்த மழையில் சாங்காவில் யார் வீட்டிலும் சாக்கடை ஏறவில்லை. மறு வருஷம் ரோட்டுக்கு மூன்று பேட்டைகள் போட்டியில் நின்றன. பித்தாங்கா மேடு ஒன்று. கல்குவாரிப் பேட்டை இன்னொன்று. மூன்றாவது சாங்கா. குழாய் வந்துவிட்டதால் அவர்களும் இப்போது தங்கள் தெருவுக்கு ரோடு கேட்டார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை இல்லையா, என்ன? ஆனால் டோர்வலீனா கொதித்துப்போனாள்.

“பாத்தியா, நம்ம அட்டையில குழாய் வாங்கிக்கிட்டு நம்மகூடவே மல்லுக்கு நிக்கிறா.”

“அவ தெருவிலயும் சேறுதானடி” என்றான் ஒஸ்மார். புண் அந்த வருஷம் ஆழமாகியிருந்தது. பேசும்போதே அவனுக்குக் களைத்தது.

மே மாதம் மறுபடி பஸ் வந்தது. மேட்டடியில் நின்றுவிட்டது, அதற்குமேல் எந்த பஸ்ஸும் ஏறாது. முப்பது பிரதிநிதிகளில் பாதிப் பேர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இங்கிருந்தே தெரியுது” என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஏறியவர்களில் நெல்சி ஒருத்தி. கனத்த உடம்பு, முட்டிவலி வேறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பத்தடிக்கு ஒரு தரம் நின்று, மேட்டைப் படைத்தவனைத் திட்டிக்கொண்டே ஏறினாள். டோர்வலீனா அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். திரும்பி வந்தபோது ஒஸ்மார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மாத்தே என்கிற இலைக் கஷாயம் குடிக்கும் சுரைக்குடுவை கட்டிலோரம் சூடாக இருந்தது.

“யாரு வந்தா?”

“உன் எதிரி. கால் மணி நேரம் மூச்சு வாங்கினா, அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினா. கால்பந்துல நீலச் சட்டைக் கட்சியாம் அவ. மனுஷி நல்லவதான், என்ன பண்றது, புத்தி அப்படி.”

“என்ன கேட்டா?”

“எத்தனை வருஷமா இறங்கலன்னு கேட்டா. சொன்னேன். அப்புறம் ஒண்ணும் கேட்கல.”

வந்தது ஜூலைக் கூட்டம். அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. சாதாரண மழையா அது! அங்கே ஜூலை என்றால் குளிர்காலம்; தென்காற்றோடு சேர்ந்து அடித்த குளிர்மழை. கூட்டம் டோர்வலீனாவின் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில்தான். சமையலை முடித்துவிட்டு அவள் மத்தியானத்திலிருந்தே வாசலில் நின்றாள். கல்குவாரிக்காரர்கள் லாரியில் வந்து இறங்கினார்கள், ஐம்பத்திரண்டு பேர். சாங்காக்காரர்கள் குடையும் பிளாஸ்டிக் தாளுமாக நடந்தே வந்தார்கள், அறுபத்தெட்டுப் பேர். மேட்டிலிருந்து மட்டும் ஆளைக் காணோம்.

ஐந்தரை மணிக்கு நெஸ்டோர் வந்தான். தலையிலிருந்து கால்வரை செம்மண். அவனுக்குப் பின்னால் ஒரு கூட்டம் வரும் என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

“பாக்காத டோனா. பதிமூணு பேர்தான். பாதை சோப்புக்கட்டி மாதிரி இருக்கு. பொம்பளைங்க, வயசானவங்க எல்லாம் பாதி வழியில திரும்பிட்டாங்க. ரெண்டு பேர் விழுந்து, ஒருத்தருக்குக் கை பிசகிடுச்சு.”

இப்படியும் ஒரு கொடுமை உண்டா? ரோடு கேட்க வருவதற்கு ரோடு இல்லை! ஒன்றரை வருஷம் வாசல் வாசலாக ஏறி இறங்கியதெல்லாம் அந்த மழையில் கரைந்து ஓடியது. பதிமூன்று அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அவள் அதே கட்டிலில் கட்டு மாற்றி மாற்றிப் புண் கழுவுகிற இன்னொரு வருஷத்தை நினைத்தாள். இந்த வருஷத்தையே அவன் தாண்டுவானா என்று டாக்டரிடம் கேட்கப் பயந்து அவள் கேட்காமல் வைத்திருந்தாள்.

ஒவ்வொரு பேட்டைக்கும் ஒலிபெருக்கியில் மூன்று நிமிஷம். டோர்வலீனா போய் நின்றாள். “எங்க ஆளுங்களால இறங்க முடியல” என்றாள். அதற்குமேல் வரவில்லை. வந்து உட்கார்ந்துவிட்டாள். ராமிரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்து நெல்சி. ஈரத் தலையைத் துடைக்காமலே ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

“நாங்க எங்க தெருவுக்கு ரோடு கேட்கத்தான் வந்தோம். எங்ககிட்ட ஆள் இருக்கு. தூக்கினா நாங்கதான் ஜெயிப்போம், எல்லாருக்கும் தெரியும். ஆனா வர்ற வழியெல்லாம் நாங்க ஒண்ணு பேசிக்கிட்டே வந்தோம். இவ்வளவு மழையில எங்களால நடந்து வர முடியுது. எங்க தெருவுல சேறு செருப்புல ஒட்டுது, அவ்வளவுதான். மேட்டுல ஒரு மனுஷன் ரெண்டு வருஷமா கீழ இறங்கல. நான் போய்ப் பாத்தேன். என் முட்டி இன்னும் வலிக்குது. அந்த மேட்டுல இருந்து ஒரு மனுஷனைத் தூக்கிட்டு இறங்கறதுன்னா என்னன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.” தன் ஆட்கள் பக்கம் திரும்பினாள். “சாங்காவுக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இந்த வருஷம் மேடு.”

கூடத்தில் ஒரு நிமிஷம் ஒரே சலசலப்பு. சாங்கா கூட்டத்தில் ஒருவன், “நெல்சி, யோசிச்சுத்தான் சொல்றியா?” என்று கேட்டான். “வழியில தலையை ஆட்டினல்ல? இப்ப கையைத் தூக்கு” என்றாள் அவள். மேட்டு ரோடு என்று அறிவித்தபோது அட்டைகள் எழுந்தன. முதலில் பத்து, அப்புறம் இருபது. நனைந்த சட்டைக் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அறுபத்தெட்டும் எழுந்தன. யோசித்துச் சொல் என்றவன் அட்டையைத்தான் எல்லோரையும்விட உயரத் தூக்கியிருந்தான்.

டோர்வலீனா எண்ணவில்லை. அவளால் எண்ண முடியவில்லை. நெஸ்டோர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவளும் அழுதாள். நெல்சியிடம் போய் ஏதாவது சொல்லவேண்டும் என்று எழுந்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவதற்குள் சாங்காக்காரர்கள் மழையில் இறங்கிப் போய்விட்டிருந்தார்கள்.

மறு வருஷம் ஏப்ரலில் ரோடு முடிந்தது. முந்நூறு மீட்டரும் தார், ஓரத்தில் சிமென்ட் நடை, வளைவில் கைப்பிடிக் கம்பி. காஸ் லாரி முதல் தடவையாக மேடேறி வந்து ஹாரன் அடித்தபோது மேட்டு நாய்களெல்லாம் பைத்தியம் பிடித்த மாதிரி குரைத்தன. ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்து ஒஸ்மாரை ஏற்றிக்கொண்டு போயிற்று. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து புண்ணைச் சுத்தம் செய்து ஆற்றி, சக்கர நாற்காலியோடு அனுப்பினார்கள். இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதை டோர்வலீனா யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது மேட்டுக்காரர்களுக்கு ஒரு புதுத் தலைவலி. ரோடு வந்தால் பேனர் கட்டவேண்டும் அல்லவா? பழக்கம் எளிதில் போகுமா? யாரும் சொல்லாமலே வீட்டுக்கு வீடு வசூலித்துத் துணி வாங்கிவிட்டார்கள். ஒஸ்மார் வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடியது.

“ம், எழுது. நன்றி...” என்று ஆரம்பித்த நெஸ்டோர் அங்கேயே நின்றுவிட்டான். “யாருக்கு?”

“மேயருக்கு” என்றான் ஒருவன்.

“மேயர் தடுக்கல, அது வரைக்கும் சரி. அவரா மழையில வந்தாரு?” என்றாள் டோர்வலீனா.

“ராமிரோ தம்பிக்கு?”

அந்தப் பக்கம் வேலையைப் பார்க்க வந்திருந்த ராமிரோ பதறிப்போனான். “ஐயையோ, என் பேரைப் போட்டுடாதீங்க. நான் அளந்தேன், சம்பளம் வாங்கினேன்.”

“அப்ப மாதாவுக்கு எழுதிடலாம். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க” என்றாள் நெஸ்டோரின் மனைவி.

எல்லோரும் ஒஸ்மாரைப் பார்த்தார்கள். அவன் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இருபது வருஷம் நன்றி எழுதியிருக்கேன். ஒண்ணாவது என் நன்றியா? எவனோ கொடுத்த பேரை எழுதினேன். இப்பத்தான் நிஜமாவே சொல்லணும்போல இருக்கு. தப்பா எழுதிடக் கூடாது” என்றான். பிறகு ராமிரோவின் பக்கம் திரும்பினான். “தம்பி, அன்னிக்கு வாசல்ல கையெழுத்து வாங்கினீங்களே, அந்த நோட்டு இருக்கா?”

“ஆபீஸ்ல இருக்குங்க. அது பொதுப் பதிவேடு, யாரு கேட்டாலும் காட்டணும்.”

“சாங்கா பக்கத்தை மட்டும் பாத்து எழுதிக் கொடுங்க.”

வாங்கிய துணி போதவில்லை. அறுபத்தெட்டுப் பெயர் என்றால் சும்மாவா? மேட்டுப் பெண்கள் படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து தைத்து நீட்டினார்கள். நாலு நாள் ஒஸ்மார் எழுதினான். டோர்வலீனா பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க, அவன் ஒவ்வொன்றாகச் சிவப்பில் தீட்டினான். நீலச் சட்டைக் கட்சிக்காரர்களுக்கு நீலத்தில் எழுதேன் என்று அவள் சீண்டினாள். நன்றி வேறு, கொள்கை வேறு என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கினார்கள். மடியில் துணிச் சுருளை வைத்துக்கொண்டு ஒஸ்மார் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, டோர்வலீனா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். மேடே பின்னால் வந்தது. வெயில் இதமாக இருந்தது. வழியில் அவன் ஒவ்வொரு வீட்டையும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். “இவன் எப்ப மாடி கட்டினான்? இந்தப் பொண்ணு யாரு, இவ்வளவு வளர்ந்துட்டா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். பாதியிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டான். டோர்வலீனாவுக்கு அவன் முகம் தெரியவில்லை. தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

மேட்டடியில் தார் முடிந்தது. அங்கிருந்து சாங்கா தெரு, முந்தின நாள் மழையில் முழுக்கச் சேறு. நாற்காலி பத்தடி உருண்டு, சக்கரம் பாதிக்குமேல் புதைந்து நின்றுவிட்டது. டோர்வலீனா தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. அவள் திரும்பித் தங்கள் ரோட்டைப் பார்த்தாள். கறுப்பாக, பளபளவென்று, மேலே வரை போயிற்று. குனிந்து காலடியில் இருந்த சேற்றைப் பார்த்தாள். இவர்கள் தங்களுக்கு வந்திருக்கவேண்டியதைத்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் அந்தச் சேற்றில் நின்றபோதுதான் அது நெஞ்சில் அடித்தது.

சத்தம் கேட்டுச் சாங்காக்காரர்கள் வெளியே வந்தார்கள். நாலு பேர் நாற்காலியோடு ஒஸ்மாரைத் தூக்கி நெல்சி வீட்டு வாசல் சிமென்ட்டில் வைத்தார்கள். நெஸ்டோரும் இன்னும் சிலரும் தெருவுக்குக் குறுக்கே துணியைக் கட்டினார்கள். ‘நன்றி’ என்று ஒரே ஒரு சொல், அதற்குக் கீழே வரிசை வரிசையாகப் பெயர்கள், கடைசியில் ‘இப்படிக்கு, பித்தாங்கா மேடு’. சாங்கா முழுவதும் துணிக்கு அடியில் கூடி, அவரவர் பெயரைத் தேட ஆரம்பித்தது. கிடைத்தவர்கள் கூச்சலிட்டார்கள்.

நெல்சி தேடவில்லை. ஒஸ்மார் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“இதுல என்னுது எது? நான் அன்னிக்குக் கைநாட்டுதான் வச்சேன்.”

“ரெண்டாவது வரிசை. நடுவுல. உன்னுது மட்டும் ஒரு விரல் கூடப் பெருசு, யார்கிட்டயும் சொல்லாத.”

அவள் அதற்கு நேர் கீழே போய் நின்று, அண்ணாந்து, ரொம்ப நேரம் பார்த்தாள். டோர்வலீனா பக்கத்தில் போய் நின்றாள்.

“நெல்சி, நான் ஒண்ணு சொல்லணும். முதல் வருஷம் நான் அட்டையைத் தூக்கினது உங்களுக்காக இல்ல.”

“தெரியும்டி. உன் மூஞ்சியை அன்னிக்குப் பாத்த யாருக்கும் தெரியும்.”

“அப்புறம் ஏன் எங்களுக்காகத் தூக்கினே? உங்களுக்கு ரோடு வந்திருக்குமே.”

நெல்சி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “குழாய் வந்தப்புறம் முதல் மழை பெஞ்சுதே, அன்னிக்கு ராத்திரி முழுக்கக் கட்டில்ல உக்காந்து தரையையே பாத்துக்கிட்டிருந்தேன். தண்ணி வரல. கொழந்தை தூங்கிச்சு. யாருக்காவது நன்றி சொல்லணும்போல இருந்துச்சு. யாருக்குச் சொல்றதுன்னு தெரியல. உன்கிட்ட சொன்னா கடிப்பே.”

டோர்வலீனா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “நன்றி நெல்சி” என்றாள். அந்த வார்த்தையை அவள் அதற்கு முன்னால் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. “என் புருஷன் உயிரோட இருக்கான். உங்களாலதான் இருக்கான். ரொம்ப நன்றி.” நெல்சி அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேற்றில் நின்று அழுதார்கள். பார்த்தவர்களும் அழுதார்கள்.

ஒஸ்மார் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துக்கொண்டிருந்தான், பேனர் எழுதப்போகிற துணியை அளக்கிறவன் மாதிரி.

“நெல்சி, வர்ற ஜூலைல இந்தத் தெருவுக்கு மனுக் கொடுக்கிறீங்கல்ல?”

“கொடுக்காம? ஆனா கல்குவாரிக்காரங்க இந்தத் தடவை ரெண்டு லாரில வரப்போறாங்களாம்.”

“வரட்டும். மேட்டுல இருந்து ஒருத்தர் விடாம வருவோம். எவ்வளவு மழை கொட்டினாலும் வருவோம், எங்களுக்குத்தான் இப்ப ரோடு இருக்கே” என்றான் ஒஸ்மார். “ஆள் கணக்குப் போடுறப்ப என்னையும் சேத்துக்கோ.”